உளியைக் கையிலிருந்து வாங்கிவிடாதீர்கள்: நம் மன்றத்தின் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

செயற்குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும்,

சென்ற வாரம் உங்கள் கடிதம் கிடைத்தது. அடுத்த பருவத்திலிருந்து மரக் கடைசல் வகுப்பில் மாணவர்கள் லேத்தை, அதாவது மரக்கட்டையைச் சுழற்றும் கடைசல் இயந்திரத்தை, தொட மாட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறு லேத்துகளில் ஐந்தை இந்த மாதம் 30ஆம் தேதி அகற்றப் போகிறீர்கள். மிஞ்சும் ஒன்றில் நான் கடைந்து காட்ட வேண்டும். நாற்பது பேர் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பார்கள். கடைசி அரை மணி நேரத்தில் ஆளுக்கொரு தயார் பம்பரத்துக்கு வண்ணம் பூசி வீட்டுக்கு எடுத்துப்போவார்கள். பாதுகாப்பு, தூசி, சத்தம், செலவு என்று நான்கு காரணங்கள் காட்டியிருக்கிறீர்கள். எனக்குத் தரும் படித்தொகை குறையாது என்றும் ஒரு வரி இருந்தது.

படி குறையவில்லை என்பதற்காக இதற்குச் சரி என்று சொல்ல என்னால் முடியாது. ஏழு ஆண்டுகளாகச் சனிக்கிழமைதோறும் இந்த மன்றத்தில் கடைசல் சொல்லிக்கொடுத்து வருகிறேன். முடிவெடுக்கும் முன் உங்களில் ஒருவர்கூடப் பட்டறைக்குள் வந்து பார்க்கவில்லை. என்னையோ மாணவர்களையோ கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாணவர்களில் பலர் இதை அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். அதனால்தான் நானும் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கடைசல் கண்ணால் பார்த்து வரும் வேலை இல்லை.

1970களில், பதினேழு வயதில், சிங்கப்பூரின் செம்பவாங் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் பயிற்சி ஆளாகச் சேர்ந்தேன். வார்ப்புக்கு மரத்தில் மாதிரி செய்யும் பிரிவு அது. இரும்பிலோ வெண்கலத்திலோ ஒரு பாகத்தை வார்க்க வேண்டுமென்றால் முதலில் அதே உருவத்தை மரத்தில் செய்து மணலில் பதிக்க வேண்டும். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும். வார்ப்பிரும்பு என்றால் ஓர் அடிக்கு ஏறக்குறைய எட்டில் ஒரு அங்குலம் கூட்டி மரத்தைச் செய்ய வேண்டும். அதற்கென்றே தனி அளவுகோல் வைத்திருப்பார்கள். அவ்வளவு நுணுக்கமான வேலை.

எங்களுக்கு மூத்தவர் ஒரு சீனப் பெரியவர். அவர் கடைவதை மூன்று மாதம் பக்கத்தில் நின்று பார்த்தேன். உளியை எப்படிப் பிடிக்கிறார், எந்தப் பக்கம் திருப்புகிறார், எப்போது நிறுத்துகிறார் என்று எல்லாம் எனக்கு மனப்பாடம். ஒரு நாள் உளியை என்னிடம் நீட்டினார். வைத்த அடுத்த நொடியே மரம் உளியைக் கவ்வியது. 'டங்' என்று ஒரு சத்தம். கட்டையில் விரல் நுழையும் அளவுக்குப் பள்ளம். என் இடது கை மணிக்கட்டு அன்று முழுக்க வலித்தது. பெரியவர் திட்டவில்லை. என் இரண்டு கைகளையும் தம் கைகளால் மூடிக்கொண்டு, 'பெலான் பெலான்', மெதுவாக மெதுவாக, என்று மலாயில் சொன்னார். அப்போதுதான் தெரிந்தது, அவர் உளியை இறுக்கிப் பிடிப்பதே இல்லை. மூன்று மாதமும் என் கண்ணுக்கு அது தெரியவில்லை. அவர் கை என் கை மேல் பட்ட அரை நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

நாற்பது நாற்காலிகளில் உட்கார்ந்து பார்க்கப் போகிறவர்களுக்கு நான் என்ன காட்ட முடியும்? சீவல் பறப்பதைக் காட்டலாம். கட்டை கிண்ணமாவதைக் காட்டலாம். உளியின் முனைக்குப் பின்னால் சாணை பிடித்த ஒரு சாய்வு இருக்கிறது. அந்தச் சாய்வு முதலில் மரத்தின் மேல் வெறுமனே உரச வேண்டும், வெட்டவே கூடாது. உரசிக்கொண்டிருக்கும்போதே பிடியை ஒரு நெல்மணி உயரத்துக்குத் தூக்கினால் முனை மரத்தில் இறங்கும், சீவல் கிளம்பும். அந்த நெல்மணி உயரத்தைப் பத்தடி தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு எந்தத் திரையில் காட்டினாலும் தெரியாது. அவர் கைதான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

சென்ற பருவத்தில் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வுபெற்ற ஓர் அக்கா வந்தார். முப்பது ஆண்டு ஸ்டீயரிங் பிடித்த கை. முதல் இரண்டு வாரம் உளியை ஸ்டீயரிங் போலவே இறுக்கிப் பிடித்தார். ஒவ்வொரு முறையும் மரம் கவ்வியது. மூன்றாவது வாரம் லேத்தை அணைத்துவிட்டேன். கட்டையைக் கவ்விப் பிடிக்கும் 'சக்' என்ற பாகத்தை ஒரு கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே, "அக்கா, உளியைச் சும்மா மேலே வையுங்கள், கண்ணை மூடிக்கொள்ளுங்கள்" என்றேன். சாய்வு உரசுவது அவர் உள்ளங்கையில் தெரியும் வரை சுற்றினேன். "இப்போ வழுக்குது தம்பி" என்றார். "இப்போ பிடியைத் தூக்குங்கள், கொஞ்சமே கொஞ்சம்." தூக்கினார். சுற்றின சுற்றில் ஒரே இழையாக இடியாப்பம் போல நீளமாக ஒரு சீவல் வந்து அவர் மணிக்கட்டில் விழுந்தது. அவர் அதை உதறவில்லை. அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு பருவம் முடியும் வரை அவர் கையில் மரம் இரண்டே முறைதான் கவ்வியது. என் குறிப்பேட்டில் இருக்கிறது.

எங்கள் வகுப்பில் முதலில் செய்வது கிண்ணம் இல்லை, கீரை மத்து. பலாக் கட்டையில் ஒரே துண்டாகக் கடைவோம். தலை உருண்டை, கழுத்து ஒடுக்கம், காம்பு நீளம். உளி வேலைக்கு வேண்டிய மேடு, பள்ளம், சரிவு மூன்றும் அதில் வந்துவிடும். தமிழில் கீரையைக் கடைவதும் மோரைக் கடைவதும் மரத்தைக் கடைவதும் ஒரே சொல்தான். மத்தும் சுழல்கிறது, மரமும் சுழல்கிறது. என் தாத்தா ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். அங்கே கடைசல் பட்டறைகளில் செய்த மரச்சொப்புகளை வைத்து விளையாடாத பெண் குழந்தை இருந்திருக்க மாட்டாள் என்று பாட்டி சொல்வார். சுழலும் மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்தினால் உரசும் சூட்டிலேயே அரக்கு உருகி நிறம் ஏறும். வண்ணம் பூசுவது என்று நீங்கள் தனி நிகழ்ச்சியாக வைக்க நினைப்பதைக் கடைபவரே கடைந்த கையோடு செய்துவிடுவார். வகுப்பில் மலாய்க்காரர்களுக்கு 'லாரிக்' என்று சொன்னால் உடனே புரியும். அவர்கள் ஊரிலும் கடைசலுக்குச் சொல் இருக்கிறது, கைகள் இருந்தன. இதெல்லாம் யாரோ வெளியிலிருந்து கொண்டுவந்து இறக்கிய பொழுதுபோக்கு என்ற எண்ணம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. அப்படி இல்லை.

இனி உங்கள் காரணங்களுக்கு வருகிறேன். பாதுகாப்புதான் முதல் காரணம். அதைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது.

சென்ற பருவத்தில் ஒரு விபத்து நடந்தது உண்மை. இளைஞர் ஒருவர் எட்டு அங்குலக் கிண்ணம் குடைந்துகொண்டிருந்தபோது கட்டை சக்கிலிருந்து கழன்று பறந்து அவர் தோளில் அடித்தது. ஈரக் கட்டை, இரண்டு கிலோவாவது இருக்கும். முகக் கவசம் போட்டிருந்தார். தோள் கன்றிப்போனது. பக்கத்துக் கிளினிக்குக்கு நானே கூட்டிப்போனேன். எலும்பில் ஒன்றும் இல்லை, இரண்டு வாரத்தில் சரியாகிவிட்டது. மறுபடியும் வகுப்புக்கு வந்தார்.

உங்கள் அறிக்கையில் 'இயந்திரத்தின் இயல்பான ஆபத்து' என்று இதற்குக் காரணம் எழுதியிருக்கிறீர்கள். நடந்ததை அருகில் இருந்தவன் சொல்கிறேன். இந்த வகுப்பு ஆறு பேருக்கு என்று ஆரம்பித்தது. ஆறு லேத், ஆறு பேர், ஒரு பயிற்றுநர். ஸ்விட்சைப் போடும் முன் ஒவ்வொருவர் கட்டையையும் நான் என் கையால் பிடித்து ஆட்டிப் பார்ப்பேன். சக் இறுகியிருக்கிறதா, கட்டையின் மறுபக்கத்தில் வால்முனை முட்டுக் கொடுத்திருக்கிறதா, கட்டை உளித் தாங்கியில் இடிக்காமல் சுற்றுகிறதா, வேகம் எதில் இருக்கிறது என்று பார்த்து, நான் தலையசைத்த பிறகுதான் ஓடும். ஆறு ஆண்டுகளுக்கு மேல் இப்படித்தான் நடந்தது. விரல் சிராய்ப்பு, சாணைக்கல்லில் நகம் உரசியது தவிர ஒரு காயம் இல்லை.

சென்ற பருவம் தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது, கேட்பவர்கள் அதிகம் என்று சொல்லி அலுவலகம் பத்துப் பேரைச் சேர்த்தது. நான்கு லேத்துகளில் இருவர் மாறி மாறி நிற்க வேண்டியதாயிற்று. ஒருவர் பூட்டிய கட்டையை இன்னொருவர் கழற்றுவார், மறுபடி பூட்டுவார். உதவிக்கு ஒரு ஆள் வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்தேன். 'அடுத்த பருவத்தில் பார்க்கலாம்' என்று பதில் வந்தது. விபத்து நடந்தபோது நான் அறையின் மறுகோடியில் வேறொருவரின் உளியைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அந்த இளைஞரின் சக் முழுதாக இறுகவில்லை. நான் பக்கத்தில் இருந்திருந்தால் ஸ்விட்சைப் போட விட்டிருக்க மாட்டேன். பத்துப் பேர் என்றபோதே வகுப்பை எடுக்க மாட்டேன் என்று நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்காதது என் தவறு. அந்தத் தவறை இங்கே எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஆட்களைக் கூட்டியது உங்கள் பக்கத் தவறு. அதையும் நீங்கள் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறேன்.

லேத் விளையாட்டுப் பொருள் இல்லை என்பது எனக்குத் தெரியும். 10 அங்குலக் கிண்ணம் நிமிடத்துக்கு 900 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு மணிக்கு ஏறக்குறைய 43 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. சாலையில் ஓடும் பேருந்தின் வேகம். அதனால்தான் முதல் வகுப்பில் மின்சாரமே கிடையாது, எல்லாம் கையால் சுற்றித்தான். வேகத்துக்கு ஒரு கணக்கு சொல்லித்தருகிறோம்: கட்டையின் குறுக்களவை அங்குலத்தில் எடுத்துச் சுற்று எண்ணிக்கையால் பெருக்கினால் 6000க்கும் 9000க்கும் நடுவில் வர வேண்டும். 10 அங்குலத்துக்கு 600 முதல் 900. புதியவர்களை நான் 600ஐத் தாண்ட விடுவதில்லை. கையுறை, மோதிரம், துப்பட்டா, தொங்கும் கூந்தல் எதுவும் லேத் அருகில் வரக் கூடாது. ஸ்விட்சைப் போடும்போது கட்டைக்கு நேரே நிற்கக் கூடாது, பக்கவாட்டில் நிற்க வேண்டும். நீளக் கட்டையை உருட்டையாக்கும் பெரிய உளியைக் கிண்ணத்தில் வைக்கவே கூடாது; பிடிக்குள் போகும் அதன் வால் மெலிசு, முறிந்துவிடும். இவற்றை ஒப்பிக்கச் சொல்லி, ஒப்பித்த பிறகுதான் உளியைக் கையில் கொடுக்கிறேன்.

பெல்ட் மூடியின் பூட்டு மூன்றாவது லேத்தில் உடைந்து ஓராண்டுக்கு மேல் ஆகிறது. இரண்டு முகக் கவசங்கள் விரிசல் விட்டபோது புதியவற்றை என் சொந்தக் காசில் வாங்கினேன். பணத்தைத் திருப்பிக் கேட்பதற்காக இதைச் சொல்லவில்லை. பாதுகாப்பின் மேல் இவ்வளவு அக்கறை இருந்தால் அந்தப் பூட்டு ஓராண்டாக உடைந்தே கிடக்குமா என்று கேட்கத்தான் சொல்கிறேன்.

தூசியைப் பற்றி நீங்கள் கவலைப்படுவது சரி. மரத்தூள் மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையே வகைப்படுத்தியிருக்கிறது. அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் தூள் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கூரான உளியில் சீவல் வரும். அது கீழே விழும், கூட்டி அள்ளிவிடலாம். மழுங்கிய உளியில்தான் தூள் வரும். அப்புறம் உப்புத்தாள் தேய்ப்பதில் வரும். அதனால்தான் மூன்றாவது வாரத்திலேயே எல்லோருக்கும் சாணை பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறேன். உளியால் வழவழவென்று முடிக்கத் தெரிந்தவருக்கு உப்புத்தாள் வேலை பாதி குறைந்துவிடும். மீதித் தூளைத் தூசி உறிஞ்சும் இயந்திரம் இழுத்துக்கொள்ள வேண்டும். அதன் ஃபில்டர் பை கிழிந்திருக்கிறது, மாற்றித் தாருங்கள் என்று மூன்று முறை எழுதினேன். நகல்கள் என்னிடம் இருக்கின்றன. பையை மாற்றித் தராமல், தூசி அதிகம் என்று வகுப்பை மூடுவது என்ன நியாயம்?

சத்தம் பக்கத்து அறைத் துணைப்பாட வகுப்புக்குத் தொந்தரவு என்றால் நேரத்தை மாற்றிக்கொள்கிறோம். சனிக்கிழமை பிற்பகலோ ஞாயிற்றுக்கிழமை காலையோ, எது வசதியோ அது.

செலவு விஷயத்தில், நாற்பது பேரை உட்கார வைத்தால் தலைக்கு ஆகும் செலவு குறையும் என்று ஒரு கணக்குப் போட்டிருக்கிறீர்கள். கணக்கு சரிதான். அந்த நாற்பது பேரில் எத்தனை பேர் ஒரு மத்தைக் கடைந்துகொண்டு வீட்டுக்குப் போவார்கள்? ஒருவரும் போக மாட்டார்கள். பம்பரத்துக்கு வண்ணம் பூசுவது நல்ல நிகழ்ச்சி. குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும். அதைத் தாராளமாக வேறொரு நாளில் வையுங்கள், நானே வந்து உதவுகிறேன். அதற்கு மரக் கடைசல் வகுப்பு என்று பெயர் வைத்து, கடைசலை எடுத்துவிடாதீர்கள்.

வீட்டில் செய்துகொள்ளலாமே என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். சிங்கப்பூரில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழக, அடுக்குமாடி வீடுகளில்தான் இருக்கிறோம். மேலே ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம், சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். நாற்காலியை இழுத்தாலே கீழ்வீட்டுக்காரருக்குக் கேட்கும். அந்த வீட்டில் லேத் போட முடியுமா? சமையலறையில் மரத்தூள் பறக்க விட முடியுமா? தனி வீடும் பின்கட்டும் உள்ளவர்களுக்கு மட்டும்தான் இந்தக் கைவேலை என்றால், என் மாணவர்களில் ஒருவருக்கும் இது கிடைக்காது. ஊரில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு பட்டறை வேண்டும் என்பதற்காகத்தானே மன்றத்தில் இந்த அறையை ஒதுக்கினார்கள்.

மரத்தைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் கடைவதில் பெரும்பகுதி இந்த ஊர்ச் சாலையோர மரம். மரம் வெட்டும் ஒப்பந்தக்காரர் ஒருவர் கிளை கழித்த கட்டைகளை லாரியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார். பெரும்பாலும் தூங்குமூஞ்சி மரம். 1876இல் இந்த ஊருக்கு வந்த மரம் அது. இப்போது அது இல்லாத சாலையைப் பார்ப்பது அரிது. வெளிவட்டம் வெளிர் மஞ்சள், உள்ளே நல்ல காப்பி நிறம். கடைந்து எடுத்தால் கிண்ணத்தின் விளிம்பில் இரண்டு நிறமும் வளையமாக நிற்கும். அங்சானா மரமும் வரும். ஊரைப் பூந்தோட்டமாக்குவோம் என்று 1967இல் தொடங்கியபோது சீக்கிரம் நிழல் தரும் என்று நட்ட மரங்களில் அது முக்கியமானது. தமிழ்நாட்டு வேங்கையின் உறவு. வேங்கைக் குவளையில் தண்ணீர் ஊற்றி வைத்தால் நிறம் மாறும் என்று பலருக்குத் தெரிந்திருக்கும். அங்சானாவும் அப்படித்தான். ஒரு சனிக்கிழமை அதன் சீவலைக் கண்ணாடித் தம்ளரில் போட்டுத் தண்ணீர் ஊற்றி ஜன்னலோரம் வைத்தேன். பள்ளி விடுமுறையில் தாத்தாவோடு வந்திருந்த பையன் ஒருவன், "அங்கிள், தண்ணி நீலமா ஒளிருது!" என்று கத்தினான். அன்று வகுப்பே நின்றுவிட்டது. ஆறு பேரும் தம்ளரைச் சுற்றி நின்றோம். அதுவரை அவன் தினமும் அந்த மரத்தடியில்தான் பேருந்துக்குக் காத்திருந்திருக்கிறான்.

அந்தக் கட்டைகள் எங்களிடம் வராவிட்டால் தூளாக அரைபடும். அதற்குப் பதிலாக எங்கிருந்தோ பெட்டி பெட்டியாக வரவழைத்த பம்பரங்களை மேசையில் அடுக்கப் போகிறோம்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லாத ஒரு விஷயம். பட்டறையின் இடது பக்க அலமாரியை யாராவது திறந்து பார்த்தீர்களா? அதில் 23 கிண்ணங்கள் இருக்கின்றன. பார்க்க அழகாக இருக்காது; தடித்த விளிம்போடு முரட்டுத்தனமாக இருக்கும். ஈர மரத்தை ஒரே மூச்சில் கடைந்து முடித்தால் காயும்போது கோணிக்கொள்ளும், வெடிக்கும். அதனால் முதலில் சுவரைத் தடிப்பாக விட்டுக் கடைகிறோம். குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு தடிப்பு. 10 அங்குலக் கிண்ணத்துக்கு ஓர் அங்குலம். மர இழை குறுக்கே வெட்டுப்பட்ட இடங்களில் மெழுகு தடவி மாதக் கணக்கில் காய விடுகிறோம். இந்த ஊர் ஈரக் காற்றில் சில கிண்ணங்களுக்கு எட்டு மாதம்கூட ஆகும். மாதம் ஒரு முறை தராசில் வைத்து எடையை அடிப்பாகத்தில் பென்சிலால் எழுதுகிறோம். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது மறுபடி லேத்தில் பூட்டி, நீள்வட்டமாகக் கோணியதைத் திரும்ப வட்டமாக்கி, சுவரை மெலிதாக்கி முடிப்போம்.

அந்த 23 கிண்ணங்களிலும் பெயர்கள் எழுதியிருக்கின்றன. ஓட்டுநர் அக்காவின் கிண்ணம் மேல்தட்டில் இருக்கிறது. தோளில் அடிபட்ட இளைஞரின் கிண்ணமும் இருக்கிறது. பறந்துபோன அதே கட்டைதான், மறுபடி ஒழுங்காகப் பூட்டி அவரே கடைந்தார். ஒரு மலாய்க்கார அம்மா தம் மகள் திருமணத்துக்கு என்று கடைந்து வைத்திருக்கிறார். ஐந்து லேத்துகளை அகற்றினால் இவற்றை யார் முடிப்பது? நானே முடித்துக் கொடுத்துவிடலாம் என்று நினைக்கலாம். நான் முடித்தால் அது அவர்கள் கிண்ணமாக இருக்காது. அவர்களும் அதை ஏற்க மாட்டார்கள், கேட்டுப் பார்த்துவிட்டேன்.

ஆகவே நான் உங்களிடம் கேட்பது இது. 30ஆம் தேதி லேத்துகளை எடுக்க வரும் ஆட்களை நிறுத்துங்கள். செயல்முறை வகுப்பைத் திரும்பவும் ஆறு பேருக்கு என்று வரையறுத்து, அந்த எண்ணிக்கையை அலுவலகம் பயிற்றுநரைக் கேட்காமல் கூட்டக் கூடாது என்று எழுத்தில் கொடுங்கள். எட்டுப் பேர், பத்துப் பேர் என்று நடத்தியே ஆக வேண்டுமென்றால் உதவிப் பயிற்றுநர் ஒருவரை நியமியுங்கள். பழைய மாணவர்களில் இருவர் படி வாங்காமலே வரத் தயாராக இருக்கிறார்கள். தூசி உறிஞ்சியின் பையையும் மூன்றாவது லேத்தின் பூட்டையும் அடுத்த பருவம் தொடங்கும் முன் மாற்றுங்கள். விபத்து அறிக்கையில் பத்துப் பேரைச் சேர்த்த விவரத்தையும், உதவி ஆள் கேட்ட என் கடிதத்தையும் சேர்த்துத் திருத்துங்கள்.

இந்த முடிவை மறுபடி எடுக்கும் முன் ஒரு சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பட்டறைக்கு வாருங்கள். குழுவில் ஒருவரோ இருவரோ வந்தாலும் போதும். முழங்கை வரை மடித்துவிட்ட சட்டை, மூடிய காலணி, மோதிரம் வேண்டாம். ஒரு பலாக் கட்டையை உங்களுக்கென்று பூட்டி வைத்திருப்பேன். உளியை நான் பிடித்துக் காட்ட மாட்டேன், உங்கள் கையில்தான் கொடுப்பேன்.

வரும் 25ஆம் தேதிக்குள் எழுத்தில் பதில் வேண்டும். பதில் வரும் வரை இடது பக்க அலமாரியில் இருக்கும் 23 கிண்ணங்களை யாரும் தொடக் கூடாது, இடம் மாற்றக் கூடாது என்று அலுவலகத்துக்குச் சொல்லிவையுங்கள்.

இப்படிக்கு,
மரக் கடைசல் வகுப்பின் பயிற்றுநர்